தன் இரைச்சல் அடங்கிய கருவி

தியானப் பகுதி: 1 கொரிந்தியர் 14:7, 8





இவ்வாரத் தியானத்தின் பொருள் உங்களில் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். வீட்டிலே பாடல்களைப் பதிவுசெய்வதற்குக் கணினிக்கு எந்தச் சவுண்ட் கார்டு வாங்குவது என்று நம் சபையின் வாலிபர் பலர் இவ்வாண்டில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஊழியத்துக்கு அழைக்கப்படுமுன் நான் சில காலம் ஓர் ஒலிப்பதிவுக்கூடத்தில் உதவியாளனாயிருந்ததை அவர்கள் அறிவார்கள். தனித்தனியே சொன்னவற்றை ஒருமித்து எழுதிவிடலாம் என்று அமர்ந்தபோது, இச்சிறு கருவியைத் தெரிந்துகொள்ளும் முறையிலே பாடத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் கற்றுக்கொள்ளவேண்டிய ஒரு காரியம் அடங்கியிருப்பதைக் கண்டேன். ஆகவே இதையே இவ்வாரத் தியானமாக்கினேன்.

அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்து சபைக்கு எழுதுகையில், உயிரற்ற வாத்தியங்களை எடுத்துக்காட்டி ஒரு பாடம் புகட்டுகிறார். குழலானாலும் சுரமண்டலமானாலும் அதன் ஓசைகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து விளங்காவிட்டால், கேட்பவன் என்ன இசை என்று எப்படி அறிவான்? எக்காளம் குழம்பி ஒலித்தால் போர்வீரன் எப்படி எழும்புவான்? ஓசையின் பெருக்கத்தைக் காட்டிலும் அதன் தெளிவையே அவர் நாடுகிறார். ஒலிப்பதிவுக் கருவியைத் தெரிந்துகொள்ளும்போதும் நாம் நாடவேண்டியது இதுவே.

சவுண்ட் கார்டு என்பது என்ன செய்கிறது? நாம் பாடும்போது காற்று அதிர்கிறது. மைக் அவ்வதிர்வை மிகச் சிறிய மின்னலையாக மாற்றுகிறது. அந்த மின்னலையை வாங்கிப் பெருக்கி, எண்களாக மாற்றிக் கணினிக்குள் எழுதிவைப்பதும், எழுதிய எண்களை மீண்டும் மின்னலையாக்கிக் காதுக்கு அனுப்புவதும் சவுண்ட் கார்டின் வேலை. ஒரு காலத்தில் வீட்டுக் கணினிகள் ஒற்றைக் கீச்சொலி எழுப்பும் ஒரு சிறு ஒலிபெருக்கியோடுதான் வந்தன. 1989ஆம் ஆண்டில் சிங்கப்பூரைச் சேர்ந்த கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டர் என்னும் அட்டையை வெளியிட்டது. அதன்பின் கணினிக்குள் ஒலிக்கென்று ஓர் அட்டையைச் செருகுவது பெருவழக்காயிற்று. இன்று அவ்வேலையைச் செய்யும் சில்லு எல்லா மடிக்கணினிகளிலும் உள்ளேயே அமைந்திருக்கிறது. பாடல் பதிவுக்கென்று நாம் இப்போது வாங்குவது பெரும்பாலும் யூஎஸ்பி கம்பியால் வெளியே இணைக்கும் ஒரு சிறு பெட்டி. கடைக்காரர் அதை ஆடியோ இண்டர்ஃபேஸ் என்பார். நம் பிள்ளைகள் பழைய பழக்கத்தில் சவுண்ட் கார்டு என்கிறார்கள். இரண்டும் ஒன்றே.

உள்ளேயே ஒன்று இருக்கும்போது வெளியே இன்னொன்று எதற்கு? மடிக்கணினியின் உள்ளே விசிறி சுழல்கிறது, மின்சுற்றுகள் இடைவிடாமல் துடிக்கின்றன. மைக்கிலிருந்து வரும் மின்னலையோ மெல்லியது. அதைப் பலமடங்கு பெருக்கினால்தான் பதிவாகும். பெருக்கும்போது பாடலோடு சேர்ந்து கணினியின் இரைச்சலும் பெருகுகிறது. அமைதியான இடத்தில் ‘உஸ்’ என்று மழை பெய்வதுபோல் ஓர் ஒலி பின்னணியிலே நிற்கும். இதற்கு விலகி நிற்கவே வெளிப்பெட்டி தேவைப்படுகிறது.

எந்தப் பெட்டி என்ற கேள்விக்கு முன் இன்னொரு கேள்வி உண்டு. யாருடைய குரலை, எதற்காகப் பதிவுசெய்யப் போகிறோம்? கோபுரம் கட்ட விரும்புகிறவன் முன்னதாக உட்கார்ந்து செலவைக் கணக்கிடவேண்டுமென்று ஆண்டவர் லூக்கா 14ஆம் அதிகாரத்தில் உரைத்ததைச் சீஷத்துவத்துக்கு மட்டுமே உரியதாக நாம் எண்ணுகிறோம். அந்த உவமை சந்தைக்கடையிலும் பயன்படும்.

நம் சபையின் வாலிபன் ஒருவனைக் குறித்து, அவனுடைய அனுமதியோடே எழுதுகிறேன். அவன் ஒரு தையற்கடையில் வேலை செய்கிறான். அவனுடைய ஆச்சிக்கு எண்பது வயதைக் கடந்துவிட்டது. ஆச்சியின் தகப்பனார் அந்நாளில் கிராமங்களைச் சுற்றிவந்த உபதேசியார். அவர் கற்றுக்கொடுத்த ஏழு கீர்த்தனைகளை ஆச்சி ஒரு தனி மெட்டில் பாடுவார். நம் கீர்த்தனைப் புத்தகத்தில் அவ்வேழும் உண்டு. ராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் தலைப்பிலே அச்சிடப்பட்டும் இருக்கின்றன. ஆனால் மெட்டின் வளைவுகள் அச்சில் இல்லை. அவை காதுவழி வந்து காதுவழி போகின்றன. நம் பாடகர் குழு அவற்றை வேறு மெட்டிலே பாடுகிறது. ஆச்சியோடு அந்த வளைவுகளும் போய்விடும் என்ற பயம் அவனுக்கு வந்தது. அவர் குரலும் மாதத்துக்கு மாதம் மெலிந்துகொண்டே வந்தது.

பதினோரு மாதம் சேர்த்து அவன் கையில் வைத்திருந்தது 14,000 ரூபாய். நண்பர்கள் அவனுக்குக் காட்டியதோ எட்டு மைக்குகளை ஒரே நேரத்தில் இணைக்கக்கூடிய ஒரு பெட்டி. அதன் விலை அவன் சேமிப்பைப்போல் சில மடங்கு. மாதத் தவணையில் வாங்கிவிடலாம், நாளைக்கு முழுப் பாடகர் குழுவையும் பதிவுசெய்யலாம் என்று கடையில் சொன்னார்கள். அவன் என்னிடம் வந்தபோது விண்ணப்பப் படிவம் கையிலிருந்தது.

“தம்பி, ஆச்சி தனியாகத்தானே பாடுவார்கள்?” என்று கேட்டேன்.

“ஆமாம் ஐயா. சுருதிப்பெட்டி மட்டும் பக்கத்தில் இருக்கும்.”

“அப்படியானால் எத்தனை மைக் வேண்டும்?”

சற்று யோசித்து, “ஒன்று போதும் ஐயா, மிஞ்சினால் இரண்டு,” என்றான்.

சவுல் தன் தலைச்சீராவையும் கவசத்தையும் தாவீதுக்கு அணிவித்தபோது, அவை மட்டமானவையென்று தாவீது சொல்லவில்லை. ராஜாவின் ஆயுதங்கள் அவை, நல்லவையாகவே இருந்திருக்கும். தனக்குப் பழக்கமில்லாத காரணத்தால் அவற்றைக் களைந்துவிட்டு, ஆற்றிலிருந்து ஐந்து கூழாங்கற்களைத் தெரிந்தெடுத்தான். ஐந்து கற்களையும் அவன் தேடி எடுத்தான் என்பதைக் கவனியுங்கள். எளியதைக் கொள்வதென்பது கண்ணில் முதலில் பட்டதைக் கொள்வதாகாது. எளியவற்றுள்ளும் வழவழப்பானதைத் தேடவேண்டும்.

அப்படித் தேடும்போது எவற்றைப் பார்க்கவேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, உள்வாய்கள் எத்தனை, எப்படிப்பட்டவை என்பது. ஒருவர் பாடி, அவரே கிட்டார் வாசிப்பதானால் ஒரு மைக் வாயும் ஒரு வாத்திய வாயும் போதும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, பெரிங்கர் யூஎம்சி 22 போன்றவை இவ்வகை. இருவர் தனித்தனி மைக்கில் பாடுவதானால் இரண்டு மைக் வாய்கள் உள்ள ஸ்கார்லெட் 2ஐ2, யூஎம்சி 202எச்டி போன்றவை வேண்டும். மைக் வாய் மூன்று முனைகள் கொண்ட எக்ஸ்எல்ஆர் வகையாயிருக்கட்டும். கண்டென்சர் மைக் பயன்படுத்துவதானால் 48 வோல்ட் மின்சாரத்தை மைக்குக்கு அனுப்பும் வசதி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்; ஃபாண்டம் பவர் என்பது அதன் பெயர். கோவில் மேடையிலே நாம் கையில் பிடித்துப் பேசும் டைனமிக் மைக்குக்கு அது தேவையில்லை.

இரண்டாவது, எண்கள். குறுந்தகட்டில் பாடல் ஒரு வினாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட் எண்ணாக எழுதப்பட்டிருக்கிறது. மனிதச் செவி கேட்கும் எல்லை ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ். அதன் இருமடங்குக்குச் சற்று அதிகமாக அளந்தால் கேட்கக்கூடிய யாவும் எழுத்தில் வந்துவிடும். எனவே 44,100 அல்லது காணொளிகளில் வழங்கும் 48,000 என்ற அளவே நம் வீட்டுப் பதிவுக்கு நிறைவானது. பெட்டியின்மேல் 1,92,000 என்று பெரிதாக எழுதியிருப்பதற்காக அதிக விலை கொடுக்கவேண்டாம். கோப்பு நான்கு மடங்கு பெருக்குமேயன்றிப் பாடல் நான்கு மடங்கு இனிக்காது. பிட் அளவிலோ 24 இருப்பது நல்லது. 16 பிட்டில் ஒலியின் ஏற்றத்தாழ்வை 65,536 படிகளில் எழுதலாம். 24 பிட்டில் 1,67,77,216 படிகள் உண்டு. இதன் பயனைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது, தாமதம். பாடுகிறவர் தம் குரலைக் கணினி வழியாகக் காதில் கேட்டுக்கொண்டே பாடும்போது, அக்குரல் எண்ணாகி, மீண்டும் ஒலியாகி வரச் சற்று நேரமாகும். கணினி ஒலியைச் சிறுசிறு கட்டுகளாகச் சேர்த்து வாங்குவதே காரணம். வினாடிக்கு 48,000 என்ற அளவில் 256 எண்கள் கொண்ட ஒரு கட்டு சேர 5.3 மில்லிவினாடி ஆகிறது. உள்ளே வரவும் வெளியே போகவும் அது இருமுறை நிகழும். ஒலி காற்றில் ஒரு மீட்டர் செல்ல ஏறக்குறைய 3 மில்லிவினாடி எடுக்கிறதென்பதை நினைத்தால், சிறு தாமதம் பழுதில்லை என்று விளங்கும். நம் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நிற்பவர் ஆர்கனை எப்போதும் அவ்வளவு தாமதித்தே கேட்கிறார். தாமதம் பலமடங்கு மிகுந்தால் பாடுகிறவரின் நாக்கே குழறும். விண்டோஸ் கணினியில் ஏசியோ வகை இயக்கி மென்பொருளைத் தயாரிப்பாளரே தருகிறாரா என்று கேட்டு வாங்குங்கள். கணினிக்குள் போகாமலேயே மைக்கின் ஒலியை நேராகக் காதுக்குத் திருப்பிவிடும் பொத்தான் பெட்டியில் இருந்தால் இந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்தது.

சாலொமோன் தேவாலயத்தைப் பிரதிஷ்டை செய்த நாளில் 120 ஆசாரியர்கள் பூரிகைகளோடு நின்றார்கள் என்றும், பாடகர்களும் அவர்களும் ஒரே சத்தமாய் ஒலித்தபோது ஆலயத்தை மேகம் நிரப்பிற்று என்றும் 2 நாளாகமம் 5ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஒருவரை ஒருவர் உடனுக்குடன் கேளாமல் அந்த ஒருமை வந்திராது.

நான்காவதும் முதன்மையானதும், பெட்டியின் சொந்த இரைச்சல். எந்த மின்கருவியும் முழு மௌனமாயிருப்பதில்லை. ஒன்றும் பாடாதபோதும் அதன் பெருக்கி மெல்ல இரைந்துகொண்டிருக்கும். தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில் மைக் பெருக்கியின் இரைச்சலை டெசிபல் கணக்கில் ஒரு கழித்தல் எண்ணாகக் குறித்திருப்பார்கள். கழித்தல் 125க்குக் கீழே, 128ஐ ஒட்டி இருந்தால் அது அமைதியான கருவி. கடையில் சோதிப்பதானால் மைக்கை இணைத்து, பெருக்கத்தை முக்கால் பங்கு திருப்பி, ஒருவரும் பேசாமலிருந்து காதொலிப்பானில் கேளுங்கள். பாடலைப் போட்டுக் காட்டும் கடைக்காரரிடம், “கொஞ்சநேரம் எல்லாரும் சும்மா இருங்கள்” என்று கேட்க வெட்கப்படவேண்டாம். மௌனத்தில்தான் கருவியின் தரம் தெரியும்.

சந்தையில் சவுண்ட் கார்டு என்ற பெயரிலேயே இன்னொரு வகைப் பெட்டியும் மலிவாக விற்கிறது. அதிலே பல வண்ண விளக்குகள் மின்னும். குரலைக் குழந்தைக்குரலாக மாற்ற ஒரு பொத்தான், கூட்டம் கைதட்டும் ஓசைக்கு ஒரு பொத்தான், சிரிப்பொலிக்கு ஒரு பொத்தான் என்று அமைத்திருப்பார்கள். கைப்பேசி வழியாக நேரலையில் வேடிக்கை செய்வதற்கு அது உதவும். ஆச்சியின் குரலை எழுதிவைக்க உதவாது. தனக்குத்தானே கைதட்டிக்கொள்ளும் கருவி பிறர் குரலை உண்மையாய் வாங்குமென்று எதிர்பார்க்க முடியுமா?

அந்த வாலிபன் தவணைப் படிவத்தைக் கிழித்துப்போட்டான். மதுரையில் ஒருவர் ஈராண்டு பயன்படுத்திய இரண்டு மைக் வாய்ப் பெட்டியொன்று கிடைத்தது. மீதிப் பணத்தில் ஒரு மைக், தாங்கி, நல்ல கம்பி, காதை முழுதும் மூடும் காதொலிப்பான் ஆகியவை வாங்கினான். பதிவுக்கு ஆடாசிட்டி என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ‘ப’ போன்ற எழுத்துக்களில் மூச்சு மைக்கைத் தாக்காதபடி, பூத்தையல் வளையத்தில் மெல்லிய நைலான் துணியை இறுக்கி மைக்கின் முன் தானே கட்டிவிட்டான். அதற்கு ஒரு காசும் செலவில்லை. அறையின் எதிரொலி அடங்கக் கொடியில் இரண்டு கம்பளிகளைத் தொங்கவிட்டான். மைக்கை ஆச்சியின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்தான். பாதி தூரம் நெருங்கினால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் உயரும், அறையின் ஓசையோ உயராது. இது எந்தப் பெட்டியும் செய்யாத நன்மை. மடிக்கணினியின் மின்னேற்றியைப் பிடுங்கினதும் ‘ம்ம்’ என்று நின்ற உறுமலும் ஒழிந்தது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் துடிப்பதாலும், தரை இணைப்புச் சரியில்லாத வீடுகள் பல இருப்பதாலும் வரும் உறுமல் அது. பால்காரர் வருமுன், காகம் கரையுமுன், விசிறியை நிறுத்தி அதிகாலை நான்கரை மணிக்குப் பதிவு தொடங்கியது. ஆச்சிக்கு அது எப்போதும் ஜெபவேளை.

நான்கு காலைகளில் ஏழு கீர்த்தனைகளும் முடிந்தன. மூன்றாம் நாள் ஒரு துக்கம் நேர்ந்தது. முந்தின நாளில் குரல் மெலிந்திருந்தபடியால் அவன் பெருக்கத்தை ஏற்றி வைத்திருந்தான். அன்றோ ஆச்சிக்கு எங்கிருந்தோ பெலன் வந்து, கடைசிச் சரணத்தை மேல்ஸ்தாயியில் எடுத்துவிட்டார். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. எண்ணாக எழுதும் கருவிக்கு ஒரு கூரை உண்டு; அதற்குமேல் எழும்பும் அலையின் தலை வெட்டுண்டுபோகும். வெட்டுண்டதை எந்த மென்பொருளாலும் உள்ளபடியே திரும்பப் பெறமுடியாது. ஆச்சி மறுநாள் அதே சரணத்தைப் பாடினார், ஆனால் அந்த உச்சியை மீண்டும் எட்டவில்லை. அவனிடம் இப்போது இரண்டு பதிவுகள் இருக்கின்றன. ஒன்றில் உச்சி உண்டு, அது கரகரக்கிறது. மற்றதில் தெளிவு உண்டு, உச்சி இல்லை.

24 பிட்டின் பயன் இங்கேதான். படிகள் அவ்வளவு நுணுக்கமாயிருப்பதால், குரலின் உச்சம் கூரைக்குக் கீழே 12 டெசிபல் அளவில் நிற்கும்படி தாழ்த்தி வைத்தாலும் ஒன்றும் கெடாது, பின்னர் உயர்த்திக்கொள்ளலாம். தாழ்வாய் எழுதியதை உயர்த்த முடியும், வெட்டுண்டதை ஒட்ட முடியாது. பிறருடைய எழுச்சிக்கு இடம் விட்டு வைப்பது கருவிக்கும் வேண்டும், நமக்கும் வேண்டும். பலவீனரென்று நாம் எண்ணின ஒருவர் பெலனோடு எழும்பும் நாளில் அவரை வாங்கிக்கொள்ள நம்மிடத்தில் இடம் இருக்கிறதா?

பிரியமானவர்களே, பதிவின் முதல் நாளிலேயே நிகழ்ந்த வேறொன்றையும் சொல்லவேண்டும். காதொலிப்பானை மாட்டிக்கொண்டு ஆச்சியின் பாடலைக் கேட்ட அந்தப் பேரன் அன்று மாலை என்னைத் தேடி வந்தான். “ஐயா, ஆச்சி ஒவ்வொரு அடிக்கும் நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்குகிறார்கள். வார்த்தை பாதியில் நிற்கிறது. நான் இதுவரை கேட்டதே இல்லை,” என்றான். பிறந்தது முதல் அதே வீட்டில் வளர்ந்தவன் அவன். ஆச்சியின் குரல் அவனுக்குத் தாலாட்டிய குரல். ஆனாலும் தொலைக்காட்சியும், தெருவும், தையல் இயந்திரமும், அவனுடைய சொந்த யோசனைகளும் அந்த மூச்சை மூடியிருந்தன. இரைச்சல் அடங்கிய ஒரு சிறு பெட்டி அதை அவனுக்குக் கேட்கச்செய்தது. மறுவாரமே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனான். இதயம் பலவீனப்பட்டிருக்கிறது என்று கண்டு மருத்துவர் மாத்திரைகள் கொடுத்தார். வயதுதானே என்று எல்லாரும் விட்டிருந்த களைப்புக்கு ஒரு காரணம் இருந்தது. ஆச்சி இப்பொழுது இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தபடி உறங்குகிறார். பகலில் திண்ணைக்கு வந்து உட்காருகிறார்.

பாலகனாகிய சாமுவேலைக் கர்த்தர் அழைத்தபோது அவன் மூன்றுமுறை ஏலியிடத்துக்கு ஓடினான். குரல் தெளிவாய்த்தான் இருந்தது. அதை யாருடையதென்று அறியும் செவிதான் இன்னும் பழகவில்லை. ஓரேபிலே எலியாவின் முன்பாகப் பெருங்காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் கடந்துபோனபின்பே மெல்லிய சத்தம் வந்தது. நம்முடைய தேவன் மெல்லப் பேசுகிறவராயிருப்பதனால், அவருடைய சத்தம் நம் இரைச்சலைக் காட்டிலும் தாழ்ந்தே பலமுறை வருகிறது. தம்முடைய சத்தத்தை அவர் உயர்த்துவாரென்று காத்திருப்பதைவிட, நம்முடைய இரைச்சலைத் தாழ்த்துவதே ஞானம்.

மனிதரிடத்திலும் அப்படியே. வீடு சந்திக்கப் போகையில் நாம் கேட்கிறோமா, அல்லது அடுத்து நாம் சொல்லப்போவதை உள்ளே ஆயத்தப்படுத்திக்கொண்டிருக்கிறோமா? ஒருவர் தம் பாரத்தைச் சொல்லத் தொடங்குமுன் நாம் அறிந்த ஆறுதல் வார்த்தைகளைக் கொட்டிவிடுகிறோம். “எனக்கும் இப்படித்தான்” என்று நம் கதையைத் தொடங்கிவிடுகிறோம். நல்ல பெருக்கி, வந்த ஒலியோடு தன்னுடையதை மிகக் குறைவாகவே சேர்க்கும். கேட்கிறதற்குத் தீவிரமும் பேசுகிறதற்குப் பொறுமையும் வேண்டுமென்று யாக்கோபு போதித்தது, விவரத்தாளில் எழுதப்படாத நம் தர அளவு.

இதை வாசிக்கும் வாலிபருக்கு: உங்கள் தேவையை எண்ணுங்கள், உள்வாய்களைக் குறையுங்கள், கடன் வாங்காதிருங்கள், மௌனத்திலே சோதித்து வாங்குங்கள், கூரைக்குக் கீழே இடம் விடுங்கள். கையில் பணமே இல்லையென்றால் கைப்பேசியிலாவது இன்றே பதிவுசெய்யுங்கள். நல்ல கருவிக்காகக் காத்திருக்கையில் போய்விடுகிற குரல் திரும்பி வராது. 24 பிட், 48,000 அளவில் ஒற்றைத் தடப் பதிவு நிமிடத்துக்கு ஏறக்குறைய 8.6 மெகாபைட் மட்டுமே பிடிக்கும். ஒரு சிறு பென்டிரைவில் ஒரு தலைமுறையின் பாட்டை அடக்கலாம். ஆனால் ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு இடங்களில் பிரதியெடுத்து வையுங்கள்.

மற்றெல்லாருக்கும்: இவ்வாரத்தில் ஒரு நாள், உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உள்ள முதிர்ந்த ஒருவரிடத்தில் உட்காருங்கள். தொலைக்காட்சியை நிறுத்துங்கள். ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கள். பாட முடியாவிட்டால் ஒரு காரியம் சொல்லச் சொல்லுங்கள். அவர் முடிக்கும்வரை ஒன்றும் சொல்லாதிருங்கள். வார்த்தைகளுக்கு நடுவே வரும் மூச்சையும் கேளுங்கள்.

அந்த வாலிபன் தன் பெட்டியையும் மைக்கையும் சனிக்கிழமைகளில் சபையாருக்கு இரவல் தரச் சம்மதித்திருக்கிறான். வேண்டுவோர் ஆராதனைக்குப்பின் அவனைச் சந்திக்கலாம். ஆச்சியின் மெட்டில் ஒரு கீர்த்தனையை நம் பாடகர் குழு கற்றுக்கொண்டிருக்கிறது. அறுப்பின் பண்டிகையன்று அதைப் பாடுவார்கள்.

ஜெபிப்போம்.

அன்பின் பிதாவே, எங்களுக்குச் செவிகளைத் தந்ததற்காக உமக்கு ஸ்தோத்திரம். எங்களுக்குள் ஓயாது இரையும் எங்கள் சொந்தச் சத்தத்தைத் தாழ்த்தியருளும். உம்முடைய மெல்லிய சத்தத்தை அறியவும், எங்கள் வீடுகளில் மெலிந்துவரும் குரல்களைக் காலமிருக்கும்போதே கேட்கவும் கிருபை தாரும். முதியோரைத் தாங்கும். வாலிபரின் உழைப்பையும் சேமிப்பையும் ஆசீர்வதியும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.